கீழ்த்தட்டுப் புடவைகள்

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலையும் சேர்த்துக் கொண்டுவருவான். சாக்லேட்டும் வரும், வேலையும் வரும். இந்த முறை அவன் கொண்டுவந்த வேலை, குடும்பத்தோடு ஒரு போட்டோ. ஸ்டூடியோவில் வரிசையாக நின்று சட்டென்று முடித்துவிட்டு வருகிற போட்டோ இல்லை. திறந்த வெளியில், காலை வெயிலில், எல்லாரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற நிறத்தில் உடுத்திக்கொண்டு, தற்செயலாக அங்கே நிற்பதுபோல நின்று எடுக்க வேண்டிய போட்டோ. அவன் வீட்டு ஹாலில் ஒரு பெரிய சுவர் காலியாக இருக்கிறதாம். அவனுடைய இரண்டு வயது மகள் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துப் பாட்டியின் முகத்தைப் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

"அங்க சுவரு காலியா இருக்கறதுக்கு இங்க என் உயிரு போகணுமா?" என்றேன் போனில்.

"அக்கா, உனக்கு ஒரு வேலையும் இல்ல. டிரஸ் மட்டும் எடுத்து வச்சிடு" என்றான்.

டிரஸ் மட்டும். சொல்வது சுலபம். அந்த வாரம் அலுவலகத்தில் மூச்சு விட நேரமில்லை. காலையில் கூட்டத்தோடு மின்சார ரயிலில் நின்றுகொண்டே அம்பத்தூர் போவேன், சாயங்காலம் அதேபோல நின்றுகொண்டே ஆவடி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து சேக்காட்டில் இறங்கி, மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வருவேன். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் உண்டு, அது ஓடுவதுதான் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க அழைத்துப் போக வேண்டும். மகனுக்குப் பரீட்சை. குருவி தலையில் பனங்காய் என்பார்கள். என் தலையில் ஏற்கெனவே ஒரு குலை இருந்தது, அதன் மேல் இதுவும் வந்து உட்கார்ந்தது.

தம்பி மனைவி பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அவளிடம் கத்துகிற இடம் ஒன்று பின்னால் வரும். அவர்கள் கிளம்பி வருவதற்கு முன்பே வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். கட்டம் கட்டமாகச் சில நிறங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். சேஜ் கிரீன், டஸ்டி பிங்க், பீஜ், இன்னும் ஒன்றிரண்டு எனக்கு வாயில் நுழையவில்லை. சேஜ் கிரீன் என்பது ஃபிரிட்ஜில் மறந்துபோன கொத்தமல்லியின் நிறம். டஸ்டி பிங்க் என்றால் தூசி படிந்த ரோஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலையில் நிறுத்திய எந்த வண்டியும் சாயங்காலம் டஸ்டியாகத்தான் இருக்கும், அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. பீஜ் என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை. தேடிப் பார்த்தால் மேரி பிஸ்கட்.

"அண்ணி, இந்த கலர்ஸ்ல எல்லாருக்கும் பார்த்து வச்சிடுங்க. கட்டம் வேணாம், கோடு வேணாம், பளிச்னு எதுவும் வேணாம். அப்பதான் முகம் நல்லாத் தெரியும்" என்று குரல் செய்தி வேறு.

என் கணவருடைய சட்டைகள் எல்லாமே கட்டம் போட்டவை. கட்டம் இல்லாத ஒரே சட்டை கம்பெனி கொடுத்த யூனிபார்ம். "அதையே போட்டுக்கிட்டு வரேனே, அதுவும் ஏதோ சேறு கலர்தானே" என்றார். என் மகன், பேன்ட் கலரில் யாராவது சட்டை போடுவார்களா என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். என் பங்குக்கு நான் என் புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினேன். வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, அரக்கு. எங்கள் பக்கத்தில் நல்ல புடவை என்றால் தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் அடிக்க வேண்டும். அந்தக் கட்டங்களுக்குள் அடங்குகிற ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆவடி மார்க்கெட்டில் சனங்களோடு இடிபட்டு, கணவருக்கும் மகனுக்கும் பிஸ்கட் நிறத்தில் சட்டையும், எனக்குத் தூசி படிந்த ரோஸில் ஒரு பருத்திப் புடவையும் எடுத்தேன். கடைப் பெண் விரித்துக் காட்டியபோதே அது நாலு தடவை துவைத்த மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு என்ன எடுப்பது என்ற கேள்விக்குத் தம்பி மனைவி வீடியோ காலிலேயே பதில் சொல்லிவிட்டாள். அம்மா என் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைத் திரையில் பார்த்துவிட்டு, "அத்தைக்கு எதுவும் வாங்க வேணாம் அண்ணி. அவங்க ஏற்கெனவே தீம்லதான் இருக்காங்க" என்றாள்.

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. பாதுகாப்புத் தளவாட ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், சம்பளத்தன்று சாயங்காலம் தவணைக்குப் புடவை விற்பவரின் மூட்டை எங்கள் வீட்டு வாசலில்தான் முதலில் பிரியும். அம்மா பட்டாணிப் பச்சை எடுப்பாள், கத்திரிப்பூ எடுப்பாள், பக்கத்து வீட்டுக்காரி எடுத்ததைவிட ஒரு சுற்று அதிகம் பளிச்சென்று எடுப்பாள். அப்பா, "சிக்னல் லைட்டு மாதிரி இருக்கு" என்பார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள். அப்பா போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து மூன்றே புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டுகிறாள். ஒன்று சாம்பல், ஒன்று மண், ஒன்று சொல்லத் தெரியாத ஏதோ ஒரு வெளுப்பு. யாரும் அவளிடம் கலர் கட்டாதே என்று சொல்லவில்லை. கட்டு என்று நான்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கெதுக்குடி, இனிமே யாரு பாக்கப் போறா" என்பாள். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். அப்புறம் அலுத்துவிட்டது. வேலைக்குப் போய்விட்டு வந்து, சமையல் முடித்து, புடவை நிறத்துக்காகவும் ஒரு மனுஷியோடு எத்தனை நாள் சண்டை போடுவது?

இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று வருடத்தில் அம்மா எந்தப் படத்திலும் இல்லை. கல்யாணத்துக்கு வருவாள், காதுகுத்துக்கு வருவாள். கேமரா வந்ததும், "நீங்க நில்லுங்க, நான் பையெல்லாம் பாத்துக்கறேன்" என்று ஒதுங்கிவிடுவாள். எல்லாருடைய கைப்பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தைகளின் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராக்காரர் பின்னால் போய் நிற்பாள். மணமேடையில் மாப்பிள்ளை பெண்ணோடு நிற்பதற்குச் சுமங்கலிகள்தான் முன்னால் போக வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை, அவளே இன்னும் நீட்டி எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு காதுகுத்துப் படத்தின் ஓரத்தில் அவளுடைய முழங்கை இருக்கிறது. மூன்று கைப்பைகள் தொங்குகிற முழங்கை.

தம்பிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சுவரைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியிருக்க மாட்டான். போட்டோ என்றதும் அம்மா என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டாள்: "நான் வரேன். குழந்தைய யாராவது பாத்துக்கணும் இல்ல. ஆனா என்னை நிக்கச் சொல்லாதீங்க."

எனக்கு அவள் நிற்க வேண்டும். தம்பியின் சுவருக்காக இல்லை. அவள் மூன்று வருடமாக யாருடைய பையையோ தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து என் கண் வலித்துவிட்டது. அதனால் எனக்கு எடுத்த அதே ரோஸில் அவளுக்கும் ஒரு புடவை எடுத்து வந்தேன். பையைப் பிரித்துப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், "துணி நல்லா இருக்கு, நீயே வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைப் பூங்காவில் படம் எடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் தம்பி குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அறையிலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணி, இங்க வந்து பாருங்களேன்! அத்தைகிட்ட எவ்ளோ புதுப் புடவை! டேக்கூட எடுக்கல!"

கையில் சோப்பு நுரையோடு ஓடினேன். எந்தப் புடவைகள் என்று எனக்குப் போகும்போதே தெரிந்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து அம்மாவோடு வந்த இரும்பு பீரோ அது. கதவில் கண்ணாடி பதித்தது. அதன் கீழ்த்தட்டில் அப்பாவின் வேட்டி ஒன்றில் சுற்றி ஒரு மூட்டை இருக்கும். கணவன் இறந்தால், காரியத்தன்று பிறந்த வீட்டார் அந்தப் பெண்ணுக்குப் புதுப்புடவை கொண்டுவந்து தோளில் போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். முதலில் கூடப் பிறந்தவன் போர்த்துவான், பிறகு சித்தப்பா, பெரியப்பா வழி, சம்பந்தி வழி என்று ஒவ்வொருவராக வந்து மேலே மேலே போடுவார்கள். அன்றைக்கு அம்மா கூடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், புடவைகள் அவள்மேல் ஏறிக்கொண்டே இருந்தன. அவளுடைய கல்யாணத்தில்கூட ஒரே நாளில் அத்தனை புதுப்புடவை வந்திருக்காது. அந்தப் புடவைகளை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. சுமங்கலி யாரும் கையால் தொட மாட்டார்கள். கட்டிக்கொள்ள அவளுக்கும் மனசு வராது. எனவே அவை கீழ்த்தட்டில் கிடந்தன. பீரோவைத் துடைக்கும்போதுகூட நான் அந்தத் தட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

இதெல்லாம் தம்பி மனைவிக்கு எப்படித் தெரியும்? அப்பா இறந்த சமயம் அவள் மாசமாக இருந்தாள், பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி மட்டும்தான் வந்தான். குழந்தைக்கு ஒரு துண்டு தேடிப் பீரோவைத் திறந்தவள், மூட்டையைப் பிரித்திருக்கிறாள்.

நான் போய் நின்றபோது, அவள் ஒரு பச்சைப் புடவையை முழுதாக உதறி விரித்து, கண்ணாடிக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, அதை அவள் தோளில் போர்த்திக்கொண்டிருந்தாள். ஆசையாக. இரண்டு கையாலும். "அத்தை, பாருங்க. எக்ஸாக்டா நம்ம சேஜ் கிரீன். நாளைக்கு இதுதான்."

அதே புடவை. மூன்று வருடத்துக்கு முன் திண்டிவனத்திலிருந்து வந்து, அம்மாவின் அண்ணன், என் மாமா, முதலில் போர்த்திய புடவை. அதே தோள்.

"எடு அதை! அறிவில்ல உனக்கு?" என்று கத்தினேன். எனக்கே தெரியாத குரலாக இருந்தது. பல நாள் களைப்பு எல்லாம் அந்தக் குரலில் ஏறிக்கொண்டது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. தம்பி ஓடி வந்தான். புடவையைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணி? புதுசுதானே?" அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அது கோடி."

"கோடின்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். கண்ணாடியைப் பார்த்தபடியே, கடையில் பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். "உங்க மாமனாருக்குக் காரியம் பண்ணினப்போ எங்க அண்ணன் எடுத்தாந்து போட்டதும்மா."

அந்தப் பெண் புடவையைப் பறித்து எடுத்து மார்போடு சுருட்டிக்கொண்டு அழுதாள். "தெரியாது அத்தை, சத்தியமா தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அதை மடிக்கப் பார்த்தாள். நுனி நுனியோடு சேரவில்லை. அவளைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை. கையில் நுரை காய்ந்து பிசுபிசுத்தது.

"மடிக்கத் தெரியலன்னா கொடு இப்படி" என்று அம்மா வாங்கிக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து, பழைய மடிப்பு எங்கே இருந்தது என்று தடவித் தடவிப் பார்த்து மடித்தாள். நேரம் எடுத்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். மடித்து முடித்ததும் கீழ்த்தட்டில் வைப்பாள், பீரோவைச் சாத்துவாள், நாளைக்குத் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் புடவையைத் தலையணைமேல் வைத்தாள். பிறகு எழுந்து போய் அழுகிற பேத்தியைத் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"என்னோட அந்தக் கரும்பச்சை ஜாக்கெட்டு இருந்துச்சே, தூக்கிப் போட்டுட்டியா, இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது. போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பக்கமும் தொளதொளவென்று தொங்கியது. அக்குளில் என் நான்கு விரல் தாராளமாகப் போனது. தினமும் கண் முன்னால் இருக்கிறவள், தினமும் நான் சோறு போடுகிறவள், இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. எப்போதும் அந்த வெளுத்த புடவையைத் தோள் வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தால் என்ன தெரியும்? ஊசி நூல் எடுத்து வந்து, அவள் போட்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். தைக்கும்போது அழுகை வந்தது. அவள் கையைத் தூக்கிக்கொண்டு, "குத்திடாதடி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நாங்கள் எல்லாரும் பிஸ்கட்டிலும் தூசி ரோஸிலுமாக ஹாலில் கூடி நின்றோம். யூனிபார்ம் போட்ட மளிகைக் கடை ஊழியர்கள் மாதிரி இருந்தோம். அம்மா கதவைத் திறந்துகொண்டு அந்தப் பச்சையில் வந்தாள்.  தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். என் கணவர்தான் நல்ல மனிதர், "வண்டி வந்துடுச்சு, எறங்கலாமா அத்தை?" என்றார். மூன்று மாடியும் அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

போட்டோகிராபர் அம்பத்தூர்க்காரர், என் வயதிருக்கும். பூங்கா காவலாளியிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ஏரிப் பக்கத்து மரத்தடியில் எங்களை வரிசைப்படுத்தினார். நான் திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. பழக்க தோஷம். எல்லாருடைய பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, மகனுடைய தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். உடுத்தியிருந்த பச்சைக்கு மேல் மூன்று பைகள்.  சரி, புடவையாவது கட்டினாளே என்று மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

போட்டோகிராபர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, நீ இங்க நின்னுகினு கீற? அங்க எடம் உட்டு வச்சிருக்கேன், போ."

"நான் பையப் பாத்துக்கறேன் தம்பி. நீங்க எடுங்க."

"பையி எங்கியும் ஓடிப் பூடாது. நான் பாத்துக்கறேன். எல்லாரும் பிஸ்கோத்து மாதிரி வந்து நிக்கிறாங்க, கலர்னு கட்டிகினு வந்ததே நீ ஒருத்திதான். நீ இல்லாம இன்னாத்த எடுக்குறது?"

அம்மா என்னைப் பார்த்தாள்.  மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி என்னிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அவளாகவே ஒவ்வொரு பையாகக் கழற்றிப் புல்லில் வைத்தாள். பாட்டில் சாய்ந்துவிடாமல் பையை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். நடந்து வந்து எங்களுக்கு நடுவில் நின்றாள். கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். தம்பி மனைவி தன் இடுப்பில் இருந்த குழந்தையை எடுத்து அந்தக் கைகளில் கொடுத்தாள்.

அதன் பிறகு நான் எப்படி நின்றேன், எந்தப் பக்கம் பார்த்தேன் என்று நினைவில்லை. படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். தூக்கம் என்றுதான் எல்லாரும் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும்.

அன்று சாயங்காலமே படங்கள் வந்ததும் தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். எனக்குப் பகீரென்றது. எங்கள் சொந்தத்துப் பெண்களுக்கு மற்றதெல்லாம் மறக்கும், யார் எந்தப் புடவை கொண்டுவந்தார்கள் என்பது மறக்காது. கோடியைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசினால் பேசட்டும் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவின் காதில் விழுந்தால், மறுநாளே அந்தச் சாம்பல் புடவைக்குள் போய்விடுவாள், இனி எந்தச் சாமி வந்தும் வெளியே இழுக்க முடியாது. குழுவில் இதயமும் கும்பிடுமாக வந்துகொண்டிருந்தன. யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா கூப்பிட்டார். அப்பா இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் மஞ்சள் குலை, கரும்போடு அம்மாவுக்கு ஒரு புடவையும் சீர் கொண்டுவருவார். அப்பா போன பிறகு, என்ன எடுப்பது என்று தெரியாமல், கவரில் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விடுகிறார். அம்மாவுக்குப் போனைக் காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன், ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் பிடுங்கிவிடலாம் என்று.

"பாப்பா" என்றார். அறுபது தாண்டிய தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "போட்டோ பார்த்தேன்."

"ம்."

"அந்தப் பச்சை… அது நான் எடுத்தாந்ததா?"

"ஆமாண்ணே."

 அந்தப் பக்கம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. "கடைக்காரன் கையில எது வந்துச்சோ அதை வாங்கிட்டு வந்தேன் பாப்பா. பிரிச்சுக்கூடப் பாக்கல. உனக்கு அதைப் போய் எடுக்கற நிலைமை வந்துச்சேன்னு… கண்ணே தெரியல எனக்கு."

"எனக்கும் தெரியலண்ணே" என்றாள் அம்மா. "நீ போட்டப்ப அது பச்சையா செவப்பான்னு எனக்குத் தெரியல. நேத்து இந்தப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நிக்க வச்சுப் போட்டா பாரு, அப்பதான் பார்த்தேன். நல்லாத்தான் எடுத்திருக்க."

மாமா அழுகிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. அம்மா அவரை அழ விட்டாள். தம்பி மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா புடவைத் தலைப்பால் போனின் திரையைத் துடைத்துவிட்டு, அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பொங்கலுக்கு வரப்போ கவரெல்லாம் வேணாம். புடவையாவே எடுத்துட்டு வா. இந்த வாட்டி கலர் பார்த்து எடு."